வெறுமையான திகதி

சோலைவரி என்று பெயர்.
வளவில் நிற்பது ஒற்றை முருங்கை,
குவித்த சல்லி,
பெயர்ப்பலகை கழற்றிய சுவரில் நாலு ஆணித் துளை.
இருந்தும் கடிதம் வந்திருக்கிறது,
'உரிமையாளர், திருமதி த. கனகேஸ்வரி, மாங்குளம்' என்று
ஒரு எழுத்துப் பிழையில்லாமல்.

கடன் கம்பெனி இருந்த வீடு.
திங்கட்கிழமை எட்டு மணிக்கெல்லாம்
வாசலில் பெண்களின் சைக்கிள்கள்
ஒன்றில் ஒன்று சாய்ந்து நிற்கும்.
ஒரு தவணை பிந்தினால்
மனேஜர் டிலக்சன் வீடு தேடிப் போவார்.
மோட்டார்சைக்கிளை நிறுத்தாமல் உறுமவிட்டு
படலையடியில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்,
அயலுக்குக் கேட்க.

அவர்கள் போனது அயலுக்குக் கேட்கவில்லை.
சாவி கதவுக்கு அடியால் தள்ளிக் கிடந்தது.
உள்ளே ஒரு காலண்டர், திங்கள் எல்லாம் சிவப்பு வட்டம்.
மேசை லாச்சியில்
மை காயாத ஒரு இறப்பர் முத்திரை:
பணம் பெறப்பட்டது.

சபையில் ஒப்பந்தத்தை விரித்தேன்.
ஐந்தாம் பிரிவு, வரிகள் யாவும் வாடகையாளர் பொறுப்பு,
இரண்டு சாட்சி,
நொத்தாரிசின் நெளிந்த கையெழுத்து.
பிரணவரூபன் என்ற அந்தப் பிள்ளை
கடைசிப் பக்கம்வரை வாசித்தான்.
"இது உங்களுக்கும் அவையளுக்கும் உள்ள கதை, அன்ரி.
ஆள் ஓடும், வீடு ஓடாது.
நாங்கள் ஓடாததைத்தான் பிடிப்பம்."

கூரைத் தகரம், யன்னல், கதவு நிலை,
எல்லாம் கழற்றி உழவியந்திரப் பெட்டியில் ஏற்றி
வீட்டோடு ஓடின சனம் தம்பி நாங்கள்
என்று சொல்லியிருக்கலாம்.
பின்னால் வரிசை நின்றது.

ஆளில்லாத மாதங்களுக்குக் கழிவு கேட்கலாமாம்.
ஒரு படிவம் தந்தான்.
மூன்றாவது வரியில் ஒரு பெட்டி:
வீடு வெறுமையான திகதி.

பேனை அதில் நின்றுவிட்டது.
எனக்கு ஒரு திகதி தெரியும்.
அது இந்தப் பெட்டிக்குள் அடங்காது,
அவன் கேட்பதும் அதை இல்லை.
இந்த முறை வெறுமையானது எப்போது?
வாடகை பிந்தியபோது நான் போய்ப் பார்க்கவில்லை.
படலையில் நின்று கூப்பிட
எனக்குக் கூச்சம்.

செல்வமலரிடம் போனேன்.
அவள் இன்னும் திங்கட்கிழமைகளில்
அந்த வாசலால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறாள்,
திறந்திருக்கிறதோ என்று பார்க்க.
பொலித்தீனுக்குள் இருந்து கடன் அட்டையை எடுத்தாள்.
கட்டம் கட்டமாய் ஊதா முத்திரை.
கடைசி, பங்குனி பதினான்கு.
அதற்குக் கீழே கட்டங்கள் வெள்ளையாய்
அட்டையின் அடிவரை.

"தாறன். ஆனால் பத்திரம் அக்கா.
நாளைக்கு வேற பேரில வந்து நிண்டாங்கள் எண்டால்
நான் இதைத்தான் காட்டவேணும்."

கடன் கொடுத்தவர்கள் போன நாளுக்கு
கடன்பட்டவளின் அட்டை சாட்சி.
பிரணவரூபன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
போட்டோப் பிரதி எடுத்தான்.
சித்திரையிலிருந்து கழித்தார்கள்.
அதற்கு முந்திய மூன்று காலாண்டும் என் தலையில்.
அவர்கள் என் மின்விசிறிக்குக் கீழே இருந்து
ஊரின் காசை எண்ணிய காலாண்டுகள்.
நெல் வித்த காசில் கட்டினேன்.
பற்றுச்சீட்டில் அவன் குத்திய முத்திரையும்
பணம் பெறப்பட்டது.
அதே எழுத்து, அதே ஊதா.
ஒரே கடையில் செய்வித்திருப்பார்கள்.

மற்ற முத்திரை இன்னும் என் லாச்சியில் கிடக்கிறது.
அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போன இரவு
அதை ஒருமுறை கையில் எடுத்தேன்,
வெள்ளைக் கட்டங்களைப் பார்த்தேன்,
வைத்துவிட்டேன்.

செல்வமலர் வெளிச்சத்தில் பிடித்து
முத்திரைகளை ஒவ்வொன்றாய் எண்ணினாள்.
எண்ணி முடித்த பிறகுதான்
என்னை இருக்கச் சொன்னாள்.